மூன்றாம் குப்பி

மார்ச் 4, செவ்வாய்

காலையில் வந்த மாதிரிப் பைகள் பதினொன்று. பத்தில் பூச்சி இல்லை. பதினொன்றாவது பைக் கோதுமையைச் சல்லடையில் போட்டுத் தட்டியதும் நான்கு கூன்வண்டுகள் விழுந்து, காலை மடக்கிக்கொண்டு, செத்ததுபோல் கிடந்தன. இருபத்திரண்டு வருடமாக இந்த மேஜையில் உட்கார்ந்திருக்கும் என்னிடமே நாடகமா? விளக்கைக் கிட்டே இழுத்துச் சூடு காட்டினேன். நான்கும் எழுந்து ஓட்டம் பிடித்தன.

இதெல்லாம் தினமும் நடப்பது. இன்று நடந்தது வேறு. அறிவிப்புப் பலகையில் தலைமை ஆய்வகத்தின் சுற்றறிக்கை. தானியப் பூச்சிகளை இனம் காண்பவர்களுக்கான தேர்வு. மூன்று வருடத்துக்கு ஒரு முறை நடப்பதுதான், ஆனால் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. இந்த முறை ஒரு வரி புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள்: பதினைந்து வருடம் மேஜைப் பணி செய்தவர்களும் எழுதலாம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கக் கூடாது.

எனக்கு செப்டம்பரில் ஐம்பது. அடுத்த தேர்வுக்குள் ஐம்பத்திரண்டு ஆகிவிடும். அப்படியானால் இதுதான். இது ஒன்றுதான்.

எங்கள் ஆய்வகத்தில் வண்டைப் பார்ப்பவள் நான். முக்கோணமாக வெட்டிய சின்ன அட்டையின் நுனியில் பசை தொட்டு வண்டை ஒட்டுவதும், அந்த அட்டையை ஊசியில் குத்துவதும், கீழே சீட்டு எழுதுவதும் நான். அந்தச் சீட்டில் 'கண்டறிந்தவர்' என்ற இடத்தில் வருவது மட்டும் எங்கள் அதிகாரியின் பெயர். மாலை நான்கு மணிக்குப் பேனாவைத் திறந்தபடியே வருவார், அறிக்கைகளில் கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். அதனால் இந்த நோட்டில் அவருக்குப் பேனா சார் என்று பெயர். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் பெயரை ஆறாயிரம் சீட்டுகளிலாவது எழுதியிருப்பேன். அவர் மனைவிகூட அத்தனை முறை எழுதியிருக்க மாட்டார்.

ஒரே ஒரு சீட்டில் என் பெயர் வர வேண்டும். சட்டப்படி, முறைப்படி, யாரும் கேள்வி கேட்க முடியாதபடி.

மார்ச் 5, புதன்

வீட்டில் சொன்னேன். இவர் தையல் இயந்திரத்தை நிறுத்தினார். வாசல் அறைதான் இவர் கடை. மருத்துவமனை, பள்ளி, ஓட்டல் என்று யார் கேட்டாலும் சீருடை தைப்பார். பேசிக்கொண்டே தைப்பாரே தவிர இயந்திரத்தை நிறுத்த மாட்டார். நிறுத்தினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"எழுது வண்டு. நீ எழுதாம வேற யாரு எழுதுவா?"

கல்யாணமான புதிதில் வைத்த பெயர் இல்லை இது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் வைத்தது. இன்றுவரை மாறவில்லை.

மகள் நர்சிங் இரண்டாம் வருடம். "எழுதும்மா. ஆனா ஃபெயில் ஆனா அழக் கூடாது. எனக்கு நீ சொன்னதுதான்" என்றாள். வளர்த்த கடா.

மார்ச் 9, ஞாயிறு

மகள் கேள்வி கேட்டாள், நான் சமையல் மேடையைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னேன்.

"கூன்வண்டுன்னு எப்படிச் சொல்லுவ?"

"மூக்கு. நீளமா வளைஞ்சு இருக்கும், அதோட நுனியிலதான் வாய். மூக்குல ரெண்டு பக்கமும் உணர்கொம்பு, முழங்கைய மடக்கின மாதிரி மடங்கி இருக்கும்."

"பயறு வண்டு?"

"அது இந்தக் குடும்பமே கிடையாது. அந்த மூக்கும் இல்ல, மடங்கின கொம்பும் இல்ல."

"ஆணா பொண்ணா?"

"ஆணுக்கு மூக்கு குட்டை, தடிமன், சொரசொரப்பு. பொண்ணுக்கு நீளம், ஒல்லி, வழவழன்னு இருக்கும். பொண்ணுதான் மூக்கும் முழியுமா இருக்கும்."

வாசல் அறையிலிருந்து இவர் சிரித்தது கேட்டது.

"சரி, அரிசிக் கூன்வண்டுக்கும் களஞ்சியக் கூன்வண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"மூணு இடம். முதுகுல செம்பழுப்பா நாலு புள்ளி இருந்தா அரிசி. களஞ்சியத்துக்குப் புள்ளி கிடையாது. காலர்ல குழி வட்டமா இருந்தா அரிசி, நீள்வட்டமா இருந்தா களஞ்சியம். மேல இருக்கிற கெட்டி இறக்கையத் தூக்கினா அடியில பறக்கிற சிறகு மடிச்சிருக்கும், அது அரிசி. களஞ்சியத்துக்குச் சிறகே இல்ல. அதுக்குப் பறக்கத் தெரியாது."

தலைக்குப் பின்னால் கழுத்தைச் சுற்றி இருக்கும் கவசத்துக்குப் புத்தகத்தில் வேறு பெயர். தையல்காரர் பெண்டாட்டிக்கு அது காலர்தான்.

"மூணையும் பாக்கணுமா?"

"புதுசா வந்தவங்க பாக்கணும்."

"அடேங்கப்பா" என்றாள் மகள். நான் துணியைப் பிழிந்து உலர்த்தினேன்.

மார்ச் 17, திங்கள்

பெட்டி வந்துவிட்டது! இருபது குப்பிகள், எண் மட்டும். ஒவ்வொன்றிலும் ஐந்து முதல் பத்து வண்டுகள். பத்து நாள் அவகாசம், நம் மேஜையில், தனியாக. ஒவ்வொரு குப்பியிலிருந்தும் ஒரு வண்டை ஊசியில் ஏற்றிச் சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். மீதியை முடிவு வரும்வரை நாமே பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இருபதில் பத்தொன்பது சரியாக இருந்தால் தேர்ச்சி.

சீட்டில் பெயர் எழுதக் கூடாதாம். 'தேர்வர் 31' என்றுதான் போட வேண்டும். பரவாயில்லை. இத்தனை வருடம் பொறுத்தவள் இன்னும் கொஞ்ச நாள் எண்ணாக இருந்துவிட்டுப் போகிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

ஒரே நாளில் பதின்மூன்று குப்பி!

முதல் குப்பி அகல மூக்குக் கூன்வண்டு. மூக்கு கட்டையாக, அகலமாக, யாரோ பாதியில் நறுக்கிவிட்டதுபோல் இருக்கும். இரண்டாவது பயறு வண்டு. ஏமாறுகிறேனா என்று பார்க்கப் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது களஞ்சியம். கருகருவென்று, புள்ளி இல்லாமல், பார்த்ததும் எழுதினேன், இரண்டு நொடி. ஆறாவதில் காப்பிக்கொட்டை வண்டு. உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாக மயிர், உணர்கொம்பு நேராக நீண்டு நுனியில் மூன்று மணி கோத்ததுபோல். அதைப் பார்த்து எத்தனை வருடமாகிறது. பழைய சிநேகிதியைத் தெருவில் பார்த்த மாதிரி இருந்தது, 'எங்கேடி இருந்த' என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். அறையில் வேறு யாரும் இல்லை.

மாலையில் பேனா சார் எட்டிப் பார்த்தார். "எப்படிப் போகுது?"

"நல்லாப் போகுது சார்."

"கஷ்டமா இருக்கா?"

"இல்ல சார்."

இந்த 'இல்ல சார்' சொல்லும்போது எனக்குள் இருந்த திருப்தியை எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். இது என் நோட்டு.

மார்ச் 20, வியாழன்

பதினாலாம் குப்பி. இதற்காகத்தான் இந்தத் தேர்வே.

பத்து வண்டுகள். பத்துக்கும் நாலு புள்ளி, வட்டக் குழி, சிறகு. அரிசியாகவும் இருக்கலாம், மக்காச்சோளமாகவும் இருக்கலாம். இந்த இரண்டையும் வெளித்தோற்றத்தைப் பார்த்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது. கொஞ்சம் பெரிதாக இருந்தால் மக்காச்சோளம் என்பார்கள். அது வாய்ப்பேச்சு, சாட்சி ஆகாது. வயிற்றைத் திறக்க வேண்டும்.

காரக் கரைசலில் ஊறவைத்து, இளக்கி, நுனி ஊசியால் உள்ளே இருப்பதை வெளியே எடுக்க வேண்டும். கடையில் விற்கும் ஊசி எனக்கு ஆகாது. இவரிடமுள்ள ஆகச் சன்னமான ஊசியைச் சாணைக்கல்லில் இன்னும் தேய்த்து வைத்திருக்கிறேன். ஆணாக இருந்தால் அதன் உறுப்பின் மேல்புறத்தைப் பார்க்க வேண்டும்: வழவழப்பாக இருந்தால் அரிசி, நீளவாக்கில் இரண்டு பள்ளக் கோடு ஓடினால் மக்காச்சோளம். பெண்ணாக இருந்தால் உள்ளே கவட்டைக் கம்பு மாதிரி ஒரு கெட்டித் துண்டு இருக்கும். அதன் இரண்டு முனையும் மழுங்கியிருந்தால் அரிசி, கூர்மையாக இருந்தால் மக்காச்சோளம். மூச்சு விட்டால் பறந்துபோகும் அளவு அது. மூச்சை அடக்கித்தான் வேலை.

முதல் வண்டு அரிசி. இரண்டாவது அரிசி. மூன்றாவது அரிசி. இந்த இடத்தில் யாராக இருந்தாலும் நிறுத்தியிருப்பார்கள். எனக்குப் பாதி வேலையில் எழுந்திருக்கப் பிடிக்காது, அவ்வளவுதான். நாலாவதைத் திறந்தேன்.

இரண்டு பள்ளக் கோடு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். இருந்தது. கோதுமை வயலில் உழவு போட்டதுபோல் துல்லியமாக இரண்டு.

மார்ச் 21, வெள்ளி

பத்தையும் முடித்தேன். ஏழு அரிசி, மூன்று மக்காச்சோளம். கலந்திருக்கிறது. வேண்டுமென்றே கலந்து வைத்திருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள்! பத்திலிருந்தும் எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் பதித்து எண் போட்டு வைத்தேன், அனுப்புவதற்கு ஒன்றின் உடம்பை ஊசியில் ஏற்றினேன். விடைத்தாளில் 'இரு இனம், 7 + 3' என்று எழுதினேன். எழுதிவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன். கால் மரத்துப்போயிருந்தது. ஆனால் எனக்குப் பறக்கலாம் போல இருந்தது.

மார்ச் 26, புதன்

அனுப்பியாகிவிட்டது. இருபதும் சரி. எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஒன்றும் வரவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

பதினெட்டு.

பதினெட்டுதான். ஃபெயில்.

ஏப்ரல் 25, வெள்ளி

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. மூன்றாம் குப்பி தப்பு, பதினாலாம் குப்பி தப்பு. மூன்றுக்கு அவர்கள் விடை அரிசி. பதினாலுக்கு அவர்கள் விடை அரிசி, அரிசி மட்டும். கலப்பு இல்லையாம்.

எப்படி இல்லை? தகடு என்கிட்ட இருக்கே? மூணு தகடும் இருக்கே, கோடு தெரியுதே, நான் என்ன கனவா கண்டேன்? மூணாங்குப்பி அரிசியாம்! புள்ளி எங்க? ஒரு புள்ளி காட்டச் சொல்லு பாப்போம். படிச்சவங்க எழுதினா விடை, நான் எழுதினா தப்பு, அவ்வளவுதானே!

மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழக் கூடாது என்று சொன்னவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுதேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மேல்முறையீடு செய்ய முப்பது நாள் இருக்கிறது. இரண்டு குப்பிக்கும் சேர்த்து ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். காரசாரமாக. இவரிடம் படித்துக் காட்டினேன். இவர் ஒரு நர்ஸ் சட்டையின் கையை உள்வெளியாகத் திருப்பித் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினாலு சரி. பத்தையும் தொறந்து பாத்திருக்க. மூணுல எத்தனை தொறந்த?"

"அது தொறக்கவே வேண்டாம். களஞ்சியம். பாத்தாலே தெரியும்."

"எறக்கையத் தூக்கிப் பாத்தியா?"

கடிதத்தை மறுபடி மடித்தேன்.

"காலர்ல குழி என்ன வடிவம்?"

"நீள்வட்டம்" என்றேன். சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் அதைப் பார்த்ததாக ஞாபகமே இல்லை.

"கஷ்டமான குப்பிய பத்து தடவை பாத்திருக்க. சுலபமான குப்பிய ஒரு தடவைகூட பாக்கல. நாளைக்குப் போயி உள்பக்கம் திருப்பிப் பாரு. அப்புறம் சண்டை போடு, நானும் வரேன்."

கோபத்தில் கடிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். வண்டைப் பற்றி எனக்கே பாடம்! அதுவும் ஒரு தையல்காரர்!

ஏப்ரல் 28, திங்கள்

மூன்றாம் குப்பியில் மீதி நான்கு இருந்தன. முதலாவதை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். காலரில் குழி வட்டம். கண் மங்கல் என்று நினைத்தேன். இன்னும் பெரிதாக்கினேன். வட்டம். ஊசி நுனியால் கெட்டி இறக்கையை நெம்பினேன்.

சிறகு இருக்கு. இருக்கு. புதுப் புடவையை மடிச்ச மாதிரி மடிச்சு உள்ள வெச்சிருக்கு.

நான்குக்கும் இருந்தது. ஸ்பிரிட்டில் கழுவி, தூரிகையால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்ததும் நாலு புள்ளியும் மங்கலாக மேலே வந்தன. வயிற்றையும் திறந்து பார்த்தேன்: கறுத்துப்போன அரிசிக் கூன்வண்டுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எனக்குச் சொன்ன முதல் எச்சரிக்கையே இதுதான்: புள்ளியை நம்பாதே. புதிதாக வந்தவர்கள் மூன்று இடமும் பார்க்க வேண்டும் என்று மகளிடம் ஜம்பமாகச் சொன்னேனே. புதிதாக வந்தவள் பார்த்திருப்பாள். பழையவள்தான் பார்க்கவில்லை.

மூக்கு உடைந்துதான் போனது. யாரும் பார்க்கவில்லை என்பதுதான் ஆறுதல். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இவரிடம் "சிறகு இருக்கு" என்றேன். "ம்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. இன்னொருத்தராக இருந்தால் நான் ஒரு வாரம் சொல்லிக் காட்டியிருப்பேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

கடிதத்தைப் புதிதாக எழுதினேன். அரைப் பக்கம். பதினாலாம் குப்பிக்கு மட்டும். கடைசியில் ஒரு வரி: 'மூன்றாம் குப்பியில் தவறு என்னுடையது. சிறகைப் பார்க்காமல் எழுதினேன். அதற்கு நான் முறையிடவில்லை.'

மேல்முறையீட்டில் அதிகாரி கையெழுத்து வேண்டும். பேனா சார் படித்தார். முகம் சுருங்கியது.

"தலைமை ஆய்வகத்தோட நமக்கு எதுக்கும்மா வம்பு? குப்பியில இருக்கிற வண்டெல்லாம் அவங்க வளர்ப்பு ஜாடியில இருந்து வந்தது. ஒன்பது வருஷமா வளர்க்கிறாங்க."

"அதுல கலந்திருக்கு சார்."

"சரி, அப்படியே இருக்கட்டும். இந்த மூணாங்குப்பி வரி எதுக்கு? அதையாவது எடுத்துடுங்க. நீங்களே தப்பு பண்ணேன்னு எழுதினா மத்ததையும் யாரு நம்புவா?"

"அது நிஜம் சார். இருக்கட்டும்."

பேனாவை மூடினார். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ.

"சார், பதினோரு வருஷமா நான் எழுதினதுக்கு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஒரு தடவையாவது வந்து பாத்தீங்களா? இன்னிக்கு ஒரு தடவை பாருங்க. பாத்துட்டு வேண்டாம்னு தோணினா கையெழுத்துப் போட வேண்டாம்."

அவர் எழுந்தார். என் மேஜைக்கு வந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் முதல் தகட்டை வைத்தேன், பிறகு நாலாவதை வைத்தேன். மறுபடி முதலாவது கேட்டார். மறுபடி நாலாவது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தார். பத்துத் தகடும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"ரெண்டு கோடு" என்றார். "படத்துலதான் பாத்திருக்கேன். நெஜத்துல இன்னிக்குத்தான் பாக்கிறேன்."

கையெழுத்துப் போட்டார். மூன்றாம் குப்பி வரியையும் அடிக்கவில்லை. தட்டச்சு செய்யும் அக்காவிடம் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார்.

அவர்மேல் எனக்கு இவ்வளவு மரியாதை வரும் என்று நான் நினைக்கவில்லை.

மே 6, செவ்வாய்

ஒன்றுமில்லை. மழை. மூன்று பைகள். மூன்றிலும் பூச்சி இல்லை.

மே 19, திங்கள்

தலைமை ஆய்வகத்திலிருந்து தொலைபேசி. வளர்ப்புப் பிரிவின் மேடம். குரலில் எரிச்சல் இல்லை, ஆனால் விட்டுக்கொடுக்கும் குரலும் இல்லை.

"உங்க மேஜையில கலந்திருக்கலாம் இல்லையா? நீங்க மத்த மாதிரிப் பையும் பாக்கிறீங்கல்ல?"

"இங்க கலந்திருந்தா, உங்ககிட்ட மீதி இருக்கிற பதினாலாம் எண் குப்பியில கலந்திருக்காது மேடம். அதைத் தொறந்து பாருங்க."

"பாத்துட்டுத்தான் குப்பியில போட்டோம்."

"எத்தனை வண்டு மேடம் பாத்தீங்க?"

காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"ஒவ்வொரு தடவையும் ரெண்டு பாப்போம்."

"பத்தையும் பாருங்க மேடம்."

"பத்தையுமா?"

"பத்தையும்."

வைத்துவிட்டார். தலைமை ஆய்வகத்துக்கே உத்தரவு போட்டுவிட்டேனே! ஆனால் தப்பாக என்ன சொன்னேன்? ஜாடியில் மூன்றில் ஒன்று மக்காச்சோளம் என்றால், இரண்டை மட்டும் எடுத்துப் பார்த்தால் இரண்டும் அரிசியாக வருவதில் ஆச்சரியமில்லை. ஒவ்வொரு முறையும் அப்படியே வந்திருக்கிறது. அவர்களும் பாவம், சுலபமானது என்று நினைத்துவிட்டார்கள்.

இந்த நினைப்பு எனக்கு நன்றாகத் தெரியும். இதற்குப் போன மாதம்தான் நான் விலை கொடுத்தேன்.

மே 30, வெள்ளி

மகளுக்குத் தேர்வு முடிவு. எல்லாவற்றிலும் தேர்ச்சி. "இந்த வீட்டுல ஒருத்தியாவது பாஸ்" என்றாள். தலையில் குட்டினேன். பிறகு கட்டிக்கொண்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

எழுதக் கை ஓடவில்லை.

மேடம் கூப்பிட்டார். மீதி இருந்த குப்பிகள் ஆறு. ஆறையும் திறந்து, அறுபது வண்டையும் பார்த்தார்களாம். பத்து நாள் பிடித்ததாம். ஐந்து குப்பியில் மக்காச்சோளம் கலந்திருக்கிறது. வளர்ப்பு ஜாடியையே கொட்டிக் கழுவிப் புதிதாக ஆரம்பிக்கிறார்கள். எப்போது கலந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

"தேர்வு எழுதின மத்த எல்லாரும் அரிசின்னு எழுதி மார்க் வாங்கிட்டாங்க. அதை எடுக்க முடியாது. ஆனா பதினாலாம் குப்பிக்கு நிஜமா விடை எழுதினது நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

பதினெட்டும் ஒன்றும் பத்தொன்பது.

மேடமே தொடர்ந்தார். "ஒண்ணு சொல்லவா? மேல்முறையீடுன்னு வர்ற கடுதாசி எல்லாம் 'நான்தான் சரி, எல்லாத்துலயும் நான்தான் சரி'ன்னு வரும். உங்களோடதும் அப்படி இருந்திருந்தா ஃபைல்ல போட்டு மூடியிருப்பேன். மூணாங்குப்பி என் தப்புன்னு எழுதியிருந்தீங்களே, அதைப் படிச்சதுக்கு அப்புறம்தான் பதினாலப் பத்தி எனக்குப் பயம் வந்துது."

பேனா சாரிடம் ஓடினேன். ஓடினேன் என்றால் நிஜமாகவே ஓட்டம். "பாஸ் சார்!" அவர் எழுந்து நின்று கை தட்டினார், தனி ஆளாக, அந்தச் சின்ன அறையில். தட்டச்சு அக்கா என்ன ஏது என்று வந்து பார்த்தார், பிறகு அவரும் தட்டினார்.

வீட்டில் இவர் இயந்திரத்தை நிறுத்தினார். "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். என்ன சொன்னார் என்று நானும் கேட்கவில்லை. பதினாலு சரி, மூணைத் திருப்பிப் பாரு, இரண்டும்தான் சொன்னார்.

எனக்குப் பெருமையாக இருக்கிறது. அடக்கமாக எழுத வேண்டுமானால் இன்னொரு நாள் எழுதிக்கொள்கிறேன். இன்று பெருமையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஜூன் 10, செவ்வாய்

சான்றிதழ் வந்தது. மாலை நான்கு மணி. பேனா சார் வழக்கம்போல் வந்தார், முதல் அறிக்கையை எடுத்தார், பேனாவைத் திறந்தார், கையெழுத்துப் போடப் போன கை அப்படியே நின்றது. அறிக்கையை என் பக்கம் திருப்பிப் பேனாவையும் நீட்டினார்.

முப்பது வருடமாக எனக்கு ஒரு கையெழுத்து இருக்கிறது. இன்று அது கோணலாக வந்தது.

ஜூன் 12, வியாழன்

தேர்வுப் பெட்டி திரும்பி வந்தது. இருபது ஊசி, இருபது வண்டு. பதினாலாம் ஊசியில் என் சீட்டுக்கு அடியில் தலைமை ஆய்வகத்தின் 'அரிசிக் கூன்வண்டு' சீட்டு இருந்தது. அதன் அடியில் புதுச் சீட்டு: 'குப்பியில் இரு இனம். கண்டறிந்தவர்', பிறகு என் பெயர். அவர்கள் அச்சடித்தது. எழுத்து எறும்பளவு. மகள் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள்.

மூன்றாம் ஊசியில் என் சீட்டு. என் கையெழுத்தில், 'களஞ்சியக் கூன்வண்டு. தேர்வர் 31.' அந்த உற்சாகம் எழுத்தில் அப்படியே தெரிந்தது, கடைசிச் சுழிகூட ஒரு துள்ளலோடு.

பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் விதி. தப்பான சீட்டாக இருந்தாலும் அது ஊசியிலேயே இருக்க வேண்டும். சரியானதை எழுதி அடியில் குத்த வேண்டும். எப்போது யார் என்ன நினைத்தார்கள் என்பது பின்னால் பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். அடுத்தவர்கள் சீட்டுக்கு நான் நூறு முறை இதைச் செய்திருக்கிறேன்.

அட்டையை வெட்டினேன். 'அரிசிக் கூன்வண்டு. சிறகு உண்டு. கண்டறிந்தவர்' என்று எழுதி, முதலெழுத்தோடு என் முழுப் பெயரை எழுதினேன். அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'தேர்வர் 31-உம் நானே'. பழைய சீட்டுக்கு அடியில் குத்தினேன். என் கையால் என் பெயர் எழுதிய முதல் சீட்டு.

வீட்டில் சொன்னதும் மகள் முகத்தைச் சுளித்தாள். "முதல் சீட்டு போயும் போயும் தப்பு பண்ணின வண்டுக்கா?"

"விடு. இந்த ஊசிய இனி யாரு எடுத்தாலும் ரெண்டு சீட்டையும் படிப்பாங்க" என்றார் இவர்.

இன்று வந்த மாதிரிப் பைகள் ஒன்பது. ஒன்றில் ஐந்து வண்டுகள், பளிச்சென்று நாலு புள்ளியோடு. ஐந்துக்கும் இறக்கையைத் தூக்கி, வயிற்றையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.